பூனை சுமக்கும் பழிகள்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறைச் சிற்பம் 90 அடிக்கு மேல் அகலமானது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அதில் தேவர், நாகர், வேடர், முனிவர், விலங்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களைச் செதுக்கி வைத்தார்கள். பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் யானைகள்மேல் விழும். அங்கிருந்து சற்றுக் கீழே இறங்கினால், பெரிய யானையின் தந்தத்துக்கு அடியில், ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து நிற்பது தெரியும். முன்னங்கால்கள் இரண்டும் தலைக்கு மேல் உயர்ந்திருக்கின்றன. பாறைப் பிளவுக்கு அப்பால், விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் தவம் செய்யும் தாடிக்கார முனிவர் எப்படி நிற்கிறாரோ அதே நிலை. பூனையின் காலடியில் எலிகள். அவற்றில் ஒன்று கைகூப்புவதுபோலத் திரும்பியிருக்கிறது.

இதை நகைச்சுவை என்று சொல்லிக் கடந்துவிடலாம். பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சிற்பி சும்மா கேலிக்காக இதைச் செதுக்கவில்லை. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இந்தப் பூனைக்கு ஒரு கதை இருக்கிறது. போருக்கு முந்தைய நாட்களில் துரியோதனன் சகுனியின் மகன் உலூகனைத் தூது அனுப்புகிறான். தருமம் பேசும் தருமனிடம் சொல்லச் சொல்லி அவன் கொடுத்தனுப்பும் கதை அது. கங்கைக் கரையில் ஒரு பூனை கையை உயர்த்தித் தவம் செய்கிறது. முதலில் பறவைகள் நம்புகின்றன. பிறகு எலிகள் தங்களைக் காக்கும்படி அதனிடம் வருகின்றன. தவத்தால் உடல் தளர்ந்துவிட்டது, தினமும் ஆற்றங்கரைக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று பூனை கேட்கிறது. எலிகள் சுமக்கின்றன. நாளாக ஆகப் பூனை கொழுக்கிறது, எலிகளின் எண்ணிக்கை குறைகிறது. கடைசியில் ஒரு மூத்த எலிதான் கண்டுபிடிக்கிறது: கிழங்கும் பழமும் தின்கிறவனின் மலத்தில் மயிர் எப்படி வந்தது?

கதையைச் சொல்கிறவன் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. தருமனைப் பூனைத் தவசி என்று அழைப்பவன் துரியோதனன். ஆகவே கதை கேட்பவருக்கே ஒரு சிக்கல் வைக்கிறது: பாசாங்குக்காரனைப் பற்றிய கதையைப் பாசாங்குக்காரனே சொன்னால் எதை நம்புவது? மாமல்லபுரத்துச் சிற்பி இதை உணர்ந்திருந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே நடக்கும் தவம் அர்ச்சுனனுடையதா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனுடையதா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிடுகிறார்கள். பூனையைப் பற்றியும் அதே அளவு கருத்து வேறுபாடு உண்டு. போலித் துறவியின் கேலிப்படம் என்பது ஒரு வாசிப்பு. கங்கை இறங்கும் புனித நேரத்தில் பகை மறந்து பூனையும் எலியும் ஒன்றாகத் தொழுகின்றன என்பது இன்னொன்று. கல்லில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எனக்கு முதல் வாசிப்புதான் வலுவாகப் படுகிறது. முனிவரின் நிலையை அவ்வளவு அச்சாகப் பூனைக்குக் கொடுத்த பிறகு சிற்பி சிரிக்காமல் இருந்திருக்க முடியாது.

இந்தியாவில் பூனையின் மேல் ஏறிய முதல் பெரிய பழி இதுதான்: போலித் தவம். மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் பேராசையை மறைத்துத் தருமக் கொடி பிடிக்கும் மனிதனைப் ‘பூனை விரதக்காரன்’ என்று பெயரிட்டுக் கண்டிக்கிறது; அப்படிப்பட்டவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்கிறது. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் முயலும் கவுதாரியும் பொந்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் தவமிருக்கும் பூனையிடம் நியாயம் கேட்கப் போகின்றன. வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்கவில்லை, கிட்டே வந்து சொல்லுங்கள் என்கிறது பூனை. வழக்கு அத்தோடு தீர்ந்தது. பாலி ஜாதகக் கதைகளிலும் 128-ஆவதாக எலிகளை ஏமாற்றும் போலித் தவசியின் கதை வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஜாதகத்தின் தலைப்பில் பூனை இருக்கிறது, உரைநடைக் கதையில் அந்த வேடத்தைப் போடுவது நரி. கதை கைமாறும்போது விலங்கு மாறிப்போனாலும் குற்றம் மாறவில்லை.

ஏன் பூனை? புலியும் கொல்கிறது, பருந்தும் கொல்கிறது. அவற்றை யாரும் போலிச் சாமியார் என்று சொல்வதில்லை. பூனை வேட்டையாடும் விதம் வேறு. அது துரத்துவது குறைவு, காத்திருப்பது அதிகம். எலி வளையின் வாயில் கண்ணைப் பாதி மூடி, மூச்சு விடுகிறதா என்று சந்தேகம் வரும்படி, நாழிகைக்கணக்கில் அசையாமல் உட்காரும். அசையாமல் கண்மூடி உட்கார்ந்திருப்பவரை வணங்கும் பழக்கம் ஊறிய நாட்டில், அந்தக் காட்சி ஒரே ஒருவரைத்தான் நினைவூட்டும். மரத்தடியில் உட்கார்ந்து பிச்சையில் வாழும் துறவி உண்மையானவரா என்று ஊர் கேட்க முடியாது, கேட்டால் பாவம். பூனையைக் கேட்கலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவதும் இதுதான்: பூனைமேல் விழுந்த சந்தேகம் பெரும்பாலும் வேறு யார்மீதோ இருந்த சந்தேகம். அந்த வேறு யாரோ நாட்டுக்கு நாடு மாறுவார்கள். பூனையின் புகழுக்கு வேறு கணக்கு உண்டு. அது எந்தப் பண்டத்தைக் காத்தது என்பதைப் பொறுத்தது.

மகாபாரதமே தன் பூனைக்கு இன்னொரு முகத்தையும் வைத்திருக்கிறது. சாந்தி பருவத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமனுக்குச் சொல்லும் கதையில், ஆலமரத்தடியில் லோமசன் என்ற பூனை வேடனின் வலையில் மாட்டிக்கொள்கிறது. பலிதன் என்ற எலிக்கு ஒருபுறம் கீரி, இன்னொருபுறம் ஆந்தை. எலி பூனையின் மடிக்குள் ஒளிந்துகொள்கிறது; பதிலுக்கு வலையை அறுத்துத் தருவதாக வாக்கு. ஆனால் வேடன் கண்ணில் படும் வரை கடைசிக் கயிற்றை அறுக்காமல் இழுத்தடிக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு பூனை நட்பு பாராட்டிக் கூப்பிட, எலி வளைக்குள் இருந்தபடியே பதில் சொல்கிறது: நமக்குள் இருந்தது தேவை, அது தீர்ந்தது. இங்கே பூனை சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. பிழைப்பின் அரசியல் தெரிந்த எலிதான் கதாநாயகன்.

தமிழுக்கு வந்தால் காட்சி இன்னும் கலைகிறது. சங்கப் பாடல்களில் ‘வெருகு’ என்ற காட்டுப்பூனைக்கு அறம், பாவம் எதுவும் கிடையாது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் முல்லை அரும்பைக் காட்டுப்பூனையின் சிரிப்போடு ஒப்பிடுகிறார். சிரிக்கும்போது தெரியும் கூர்ப்பற்கள்தான் அவருக்கு முல்லை. அதே நூலில் மதுரைக் கண்ணனாரின் தலைவி, விடியலில் கூவித் தன்னை எழுப்பிய சேவலைத் திட்டுகிறாள்: நள்ளிரவில் வீட்டெலிக்காகக் காத்திருக்கும் பூனைக்குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று. கோபம் முழுக்கச் சேவலின் மேல். பூனை தன் வேலையைச் செய்யும் ஒரு ஜீவன், அவ்வளவே. ஒரு தகவலும் இதில் இருக்கிறது. வெருகு காட்டில் மட்டும் இல்லை, வீட்டெலியைத் தேடி ஊருக்குள்ளும் வந்துகொண்டிருந்திருக்கிறது.

கம்பன் இரண்டு இடங்களில் பூனையைக் கூப்பிடுகிறான், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். அவையடக்கத்தில் தானே பூனை: பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசையோடு புகுந்த பூனைபோல் இராமன் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்கிறான். அகலிகைப் படலத்தில் இந்திரன் பூனை: கௌதமர் வந்துவிட்டார் என்றதும் தேவர்களின் அரசன் பூனையாகி நழுவப் பார்க்கிறான். கவிஞனின் தீராத ஆசைக்கும் கள்ளக் காதலனின் திருட்டு நடைக்கும் ஒரே விலங்கு. பால் இருக்கும் இடத்தில் பூனை திருடன் என்ற நம் வீட்டு நீதியைக் கம்பன் எடுத்துக்கொண்டு, ஓர் இடத்தில் அதைக் கடல் அளவுக்கு நீட்டிப் பணிவாக மாற்றிவிட்டான். மாட்டுப்பால் உறியில் தொங்கும் சமையலறை வழக்கத்தில் பிறந்த படிமம் இது. ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்று இன்றும் நாம் கேட்பது பூனையைப் பார்த்து இல்லை.

வைணவத்தில் பூனை ஏறிய உயரம்தான் வியப்பு. இராமானுஜருக்குப் பின் தென்கலை, வடகலை என்று பிரிந்த இரு மரபுகளும் ஒரு கேள்வியில் வேறுபட்டன: அடைக்கலம் புகுபவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? வேதாந்த தேசிகரின் வழிவந்தோர் செய்ய வேண்டும் என்றார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றுவதுபோல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும். இது மர்க்கட நியாயம். பிள்ளை லோகாசாரியரின் வழிவந்தோர் குட்டியை வாயில் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைக் காட்டினார்கள். இது மார்ச்சார நியாயம். குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய் கழுத்துத் தோலைக் கவ்வியதும் கால்களை மடக்கி, உடலைத் தளர்த்தித் தொங்குகிறது. உண்மையிலேயே பூனைக்குட்டிகளின் உடல் அப்படித்தான் இயங்குகிறது: கழுத்துத் தோல் பிடிபட்டால் அசைவு அடங்கிவிடும். எலியைக் கொல்லும் அதே பல்லில் குட்டிக்குக் கீறல்கூட விழுவதில்லை. பாசாங்குத் துறவியின் அடையாளமாக இருந்த விலங்கு, கேட்காமலே வரும் அருளின் அடையாளமாகவும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில் இருந்தது. திண்ணைப் பேச்சில் இதைக் குரங்குப் பிடி, பூனைப் பிடி என்று சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் பூனையைப் பெண்ணாக, தாயாகப் பார்த்தபோது சந்தேகம் போய்விடுகிறது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். வங்காளத்துக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இனி எகிப்து. பூனை என்றாலே எகிப்து என்று சொல்லுமளவுக்கு இது தேய்ந்த செய்தி. ஆனாலும் அந்தத் தேய்ந்த செய்தியில் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. மனிதனும் பூனையும் சேர்ந்து வாழ்ந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று எகிப்தில் கிடைக்கவில்லை, சைப்ரஸ் தீவில் கிடைத்தது. ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய கல்லறையில் ஒரு மனிதனுக்கு அருகிலேயே முழு உடலோடு ஒரு பூனை புதைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகள் கிடையாது; யாரோ படகில் கொண்டுவந்திருக்கிறார்கள். தானியம் சேர்ந்த இடத்தில் எலி சேர்ந்தது, எலி சேர்ந்த இடத்தில் பூனை சேர்ந்தது என்பதுதான் மேற்காசிய வேளாண்மையின் தொடக்கக் கதை.

எகிப்தில் இந்தத் தானியக் காவலாளி தேவதையானது மெல்ல நடந்த காரியம். பாஸ்டெட் தேவதைக்கு முதலில் இருந்தது சிங்கத் தலை. கிமு 1000-க்குப் பிறகுதான் அவள் நிதானமாகப் பூனைத் தலைக்கு மாறினாள். சீறும் சிங்கத் தலை செக்மெட் என்ற தேவதைக்குரியதாக நின்றது. பாஸ்டெட் கையில் இசைக்கருவி, காலடியில் குட்டிகள் என்று வீட்டுக்கு இணக்கமான தெய்வம் ஆனாள். நைல் டெல்டாவில் இன்றைய ஸகாஸிக் நகருக்கு அருகே இருந்த புபாஸ்திஸ் அவளுடைய ஊர். கிமு ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், திருவிழாவுக்குப் படகுகளில் ஏழு லட்சம் பேர் வருவதாகவும், ஆண்டு முழுவதும் குடிப்பதைவிட அந்த நாட்களில் அதிக ஒயின் செலவாவதாகவும் எழுதினார். எண்ணிக்கையில் அவர் தாராளம் காட்டுகிறவர்; ஆனால் கொண்டாட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை. வீட்டுப் பூனை இயற்கையாகச் செத்தால் குடும்பத்தார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்ற செய்தியும் அவருடையதே. நானூறு ஆண்டுகள் கழித்து எகிப்தில் இருந்த டியோடோரஸ், தெரியாமல் ஒரு பூனையைக் கொன்றுவிட்ட ரோமானியனைக் கூட்டம் அடித்தே கொன்றதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். ரோமாபுரியைப் பகைத்துக்கொள்ள அரசன் அஞ்சிய காலம் அது. கூட்டம் அஞ்சவில்லை.

இவ்வளவு பக்தியும் உண்மைதான். அதே ஊர்க் கோயில்களில் நடந்த இன்னொன்றும் உண்மை. வேண்டுதலுக்குச் செலுத்தப் பூனை மம்மிகள் தேவைப்பட்டன. பக்தர்கள் அதிகமானார்கள், இயற்கையாகச் சாகும் பூனைகள் போதவில்லை. அருங்காட்சியக மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரு வயதைக்கூடத் தாண்டாத குட்டிகள் என்றும், பலவற்றின் கழுத்து முறிக்கப்பட்டிருந்தது என்றும் தெரியவந்தது. விற்பதற்காகவே வளர்த்து, விற்பதற்காகவே கொன்று, துணி சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சில பொட்டலங்களில் முழுப் பூனைகூட இல்லை. இரண்டொரு எலும்பும் மண்ணும்தான். தெருவில் பூனையைக் கொன்றவன் அடிபட்டுச் செத்தான், கோயில் மதிலுக்குள் கொன்றவன் கூலி வாங்கினான். இதை நான் முரண்பாடாகப் பார்க்கவில்லை. நேர்த்திக்கடன் ஆட்டை மஞ்சள் தெளித்து மாலை போட்டு வளர்க்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியாத விஷயம் கிடையாது.

அந்தப் பூனைகளின் கடைசிப் பயணமும் வினோதமானது. 1888-இல் பெனி ஹசன் பக்கம் ஓர் உழவர் மணலைத் தோண்டியபோது பெரும் பூனைக் கல்லறை வெளிப்பட்டது. 1890-இல் சுமார் 19 டன் மம்மிகள், ஏறத்தாழ 1,80,000 பூனைகள் என்று கணக்கு, லிவர்பூல் துறைமுகத்தில் வந்து இறங்கி ஏலம் போயின. வாங்கியவர்கள் உர வியாபாரிகள். பூனைத் தலை ஒன்றையே சுத்தியலாகத் தட்டி ஏலம் முடித்தார்கள் என்று சொல்வார்கள். தெய்வத்தின் காணிக்கை இங்கிலாந்து வயல்களுக்கு எருவானது.

அதே எகிப்து இஸ்லாத்துக்கு மாறிய பிறகும் பூனை கீழே இறங்கவில்லை. நபிகளின் மேலங்கிக் கைப்பகுதியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது, தொழுகைக்கு எழ வேண்டியபோது அதை எழுப்பாமல் துணியை அறுத்துவிட்டு எழுந்தார் என்று எல்லோரும் சொல்லும் கதை முந்தைய நபிமொழித் தொகுப்புகளில் இல்லை. பின்னால் வளர்ந்த மக்கள் வழக்கு. தொகுப்புகளில் இருப்பது இதைவிடச் சுவையானது. கப்ஷா என்ற பெண் தன் மாமனார் அபூ கதாதாவுக்கு ஒளு செய்யத் தண்ணீர் வைக்கிறார். ஒரு பூனை வந்து குடிக்கப் பார்க்கிறது. பெரியவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அதைக் குடிக்க விடுகிறார். மருமகள் திகைத்துப் பார்க்க, பூனை அசுத்தமில்லை, அது உங்களைச் சுற்றிச்சுற்றி வரும் பிராணி என்று நபிகள் கூறியதைச் சொல்கிறார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது பதிவாகியிருக்கிறது. பூனை இங்கே எதற்கும் குறியீடு இல்லை. அது வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்குச் சுத்தம் செய்யலாமா என்ற சட்டக் கேள்விக்கு விடை. வீட்டுக்குள் ஓயாமல் நடமாடும் ஒன்றை விலக்கி வைக்க முடியாது, ஆகவே அது வீட்டு மனிதர்போல என்ற நடைமுறை நியாயம்தான் தீர்ப்பின் அடி. ஹனஃபி மரபினர் அந்தத் தண்ணீரைத் தவிர்ப்பது மேல் என்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பரவலான ஷாஃபி மரபில் அந்தத் தயக்கமும் இல்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்தாள் என்று புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்யும் செய்தி வேறு.

1277-இல் இறந்த மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தன் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்கு எழுதிவைத்தார். தோட்டம் பல கை மாறிப் போய்விட்டது. கடமை மட்டும் காழியின் தலையில் தங்கியது. 1830-களில் அங்கே வாழ்ந்த எட்வர்ட் லேன், ஒவ்வொரு நாள் பிற்பகலும் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு போடப்படுவதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஐரோப்பாவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: போப் ஒன்பதாம் கிரிகோரி 1233-இல் பூனைகளைச் சாத்தான் என்று அறிவித்தார், மக்கள் பூனைகளைக் கொன்று குவித்தார்கள், எலி பெருகியது, 1347-இல் கொள்ளைநோய் வந்தது. கேட்க அழகாக இருக்கிறது, நிற்காது. அந்த 1233 மடல் ஜெர்மனியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மதவிரோதக் கூட்டத்தைப் பற்றியது. அவர்களின் ரகசியச் சடங்கில் சிலையிலிருந்து ஒரு கறுப்புப் பூனை வால் உயர்த்தி இறங்கி வரும் என்று அதில் வர்ணனை இருக்கிறது. பூனைகளைக் கொல்லச் சொல்லும் ஆணை அதில் இல்லை. கொள்ளைநோய்க்கு வந்தால், பூனையை மடியில் வைத்துக் கொஞ்சிய கெய்ரோவிலும் 1348-இல் பிணங்கள் தெருத்தெருவாகக் கிடந்தன. பூனை காப்பாற்றுவதாக இருந்தால் அந்த நகரத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அதே கிறித்தவ உலகில்தான் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயக் கணக்குப் புத்தகம் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் பூனைக்கு வாரம் ஒரு பென்னி படி எழுதியது. ஒரு கதவில் அது நுழைய வெட்டிய வட்டத் துளை இன்றும் இருக்கிறது. அறையில் அடைபட்டு வாழும் துறவுப் பெண்களுக்கான பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கில ஒழுக்க நூல், வேறு விலங்கு வேண்டாம், ஒரு பூனை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. தேவாலயத்தில் தொங்கும் கயிறும் மெழுகும் துணியும் எலிக்கு உணவு. ஆகவே பூனை ஊழியன். சாத்தானாக மாறியது ஊருக்கு வெளியே, யாரோ சிலர் இரவில் கூடுகிறார்கள் என்ற வதந்தியில். பிறகு அதே வேடம் சூனியக்காரி என்று பிடிக்கப்பட்ட கிழவிகளின் பூனைக்கு வந்தது. தனியாக வாழும் பெண்ணும் யாருக்கும் கட்டுப்படாத விலங்கும் ஒரே வழக்கில் குற்றவாளிகள்.

இதற்கு மதமே வேண்டியதில்லை என்பதற்கு 1730-களின் பாரீஸ் சான்று. செயின்ட் செவரின் தெரு அச்சகம் ஒன்றில் இரண்டு தொழில் பழகும் பையன்கள். முதலாளியம்மாவின் பூனைக்கு நல்ல சாப்பாடு. இவர்களுக்குப் பூனையே தொடாத கறித்துண்டு. இரவெல்லாம் கூரையில் பூனைகள் கத்தித் தூக்கம் கெட்டது. ஒரு பையன் முதலாளியின் படுக்கையறைக்கு மேலே ஏறி நாள்கணக்கில் பூனைபோல் கத்தினான். தாங்காமல் முதலாளி பூனைகளை ஒழித்துவிடச் சொன்னார். தொழிலாளிகள் முதலில் அடித்தது அம்மாவின் செல்லச் சாம்பல் பூனையை. மற்றவற்றைப் பிடித்து, விசாரணை நடத்தி, பாதிரியார் வேடம் போட்டு ஆசி கூறி, தூக்கில் போட்டார்கள். சிரித்துச் சிரித்து விழுந்தார்கள்; அந்தக் கூத்தைப் பல நாள் நடித்துக் காட்டினார்கள். நிக்கோலா கோந்தா என்ற அச்சுத் தொழிலாளி எழுதிவைத்த இந்த நிகழ்வை வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ண்டன் 1984-இல் தன் நூலின் மையமாக்கினார். நமக்குச் சிரிப்பு வராத இடத்தில் அவர்களுக்கு ஏன் வந்தது என்பது அவர் கேள்வி. தூக்கில் தொங்கியது முதலாளி. பூனை அவருக்காக நின்ற உருவம், அவ்வளவுதான்.

பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளை வீசும் விழா 1817 வரை நடந்தது. இன்று அதே ஊர் பஞ்சுப் பொம்மைப் பூனைகளை வீசி, பிடிப்பவர்களுக்குக் கொடுக்கிறது.

கிழக்கே போனால் பூனை எதைக் காத்தது என்ற கணக்கு தெளிவாகத் தெரிகிறது. சீனத்தின் பழைய சடங்கு நூல், வயலெலியைத் தின்பதால் அறுவடை விழாவில் பூனையை வரவேற்க வேண்டும் என்கிறது. சோங் காலத்தில் பூனையைச் சும்மா தூக்கி வருவது மரியாதையில்லை. உப்பையோ கோத்த மீனையோ சீராகக் கொடுத்து அழைத்து வருவார்கள். ஜப்பானுக்குப் பூனை பௌத்த ஏட்டுச் சுவடிகளோடு, அவற்றை எலியிடமிருந்து காக்கக் கப்பலில் வந்தது என்பது மரபு. உதா பேரரசர் 889-இல் தன் நாட்குறிப்பில், தந்தையிடமிருந்து வந்த கறுப்புப் பூனையின் நிறத்தையும் நடையையும் ஆசையோடு எழுதிவைத்தார்.

பின்னாளில் பட்டு. எலி பட்டுப்புழுவைத் தின்னும், கூட்டையும் கடிக்கும். பூனை கிடைக்காத வீட்டுக்காரர்கள் பூனைப் படம் வாங்கி மாட்டினார்கள். இன்றைய குன்மா பகுதியில் நித்தா வம்சத்துச் சிற்றரசர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே பூனைப் படம் வரைந்து கொடுத்தார்கள். வருமானம் குறைந்த அந்த வீட்டுக்கு அது ஒரு கைச்செலவுக் காசும் ஆனது. தாஷிரோ தீவில் பூனைக்கென்று சிறு கோயிலே உண்டு. அங்கேயும் பட்டுப்புழு வளர்த்திருக்கிறார்கள். எலி படத்தைப் பார்த்துப் பயந்ததா என்பது எலிக்கே வெளிச்சம்.

அதே ஜப்பானில் பௌத்தம் பூனைக்கு ஒரு பழியையும் கொடுத்தது. புத்தர் மறைந்தபோது எல்லா விலங்குகளும் வந்து அழுதன, பூனை வரவில்லை. அல்லது மருந்து கொண்டுவரப் போன எலியைப் பூனை தின்றுவிட்டது என்று சொல்வார்கள். அதனால் பரிநிர்வாண ஓவியங்களில் யானை, பாம்பு, ஆமை எல்லாம் இருக்க, பூனைக்கு வழக்கமாக இடமில்லை. கியோட்டோவின் தோஃபுகுஜி கோயிலுக்காக 1408-இல் மின்சோ என்ற துறவி வரைந்த மிகப் பெரிய ஓவியத்திலோ பூனை ஒன்று அழும் கூட்டத்தோடு இருக்கிறது. வரைந்துகொண்டிருந்தபோது நிறமண் கொண்டுவந்து உதவிய பூனைக்கு அவர் கொடுத்த இடம் அது என்று கோயில் மரபு கூறும். பன்னிரு விலங்கு ஆண்டுச் சக்கரத்திலும் சீனமும் ஜப்பானும் பூனையைச் சேர்க்கவில்லை. முயலின் இடத்தில் பூனையை உட்கார வைத்தது வியட்நாம். அங்கே 2023 பூனை ஆண்டு.

இன்று சென்னை ஓட்டல் கல்லாவிலும் காணக்கிடைக்கும் கையசைக்கும் பூனைப் பொம்மை, தோக்கியோவின் பழைய பெயரான ‘எதோ’ நகரத்துப் பண்டம். தோக்கியோவின் கோதோகுஜி கோயிலார், இயி நாவோதகா பிரபுவைப் பூனை ஒன்று கையசைத்து உள்ளே அழைத்து இடிமழையிலிருந்து காத்தது என்கிறார்கள். அசகுசாவின் இமாதோ ஆலயத்தார் வறுமையில் பூனையைப் பிரிந்த மூதாட்டியின் கதையைச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்பதைவிட, 1852-இல் ஹிரோஷிகே வரைந்த அச்சோவியத்தில் அந்தப் பொம்மை ஏற்கனவே கடைப்பரப்பில் விற்பனைக்கு இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெல்லையும் பட்டையும் காத்த பூனை கல்லாப்பெட்டியைக் காக்கும் பூனையாகிவிட்டது.

கடைசியாக வங்காளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றிப் பட்டுவா ஓவியர்கள் மில் காகிதத்தில் வரைந்து சில்லறைக் காசுக்கு விற்ற படங்களில், வாயில் இறாலைக் கவ்விய பூனை மிகப் பிரபலம். நெற்றியில் வைணவத் திலகம் துலங்கும். மீன் தொடமாட்டேன் என்று சொல்லி மீன் தின்னும் சாமியார் யார் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஓவியர் யாமினி ராய் அந்தப் பூனையை இருபதாம் நூற்றாண்டுக்கு எடுத்துவந்தார். மாமல்லபுரத்துத் தவசியின் நேர் வாரிசு என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே படத்தை வீட்டுக்கு வாங்கிப்போன குடும்பத்துப் பெண்கள்தான் ஜேஷ்ட மாதத்தில் சஷ்டி விரதம் இருந்தார்கள். பிள்ளை வரம் தந்து, பிறந்த பிள்ளையைக் காக்கும் சஷ்டி தேவியின் வாகனம் பூனை. கந்தனின் தேவசேனையோடு அவளை ஒன்றாகச் சொல்லும் மரபும் இருக்கிறது. விரதக் கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. நடு எலும்பு இதுதான். வீட்டின் கடைசி மருமகளுக்கு நாக்கு நீளம். படைக்க வைத்த மீனையும் பாலையும் ரகசியமாகத் தின்றுவிட்டு, கறுப்புப் பூனை தின்றுவிட்டது என்று மாமியாரிடம் சொல்வாள். பூனை ஒவ்வொரு முறையும் அடி வாங்கியது. சஷ்டியிடம் போய் முறையிட்டது. அவளுக்குப் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் இரவில் வந்து, குழந்தையைக் கவ்விக்கொண்டுபோய்த் தேவியின் மடியில் விட்டது. ஊர் அவளைப் பிள்ளை தின்னி என்றது. கடைசியில் அவள் பின்தொடர்ந்து காட்டுக்குள் போனாள். தன் பிள்ளைகள் எல்லோரும் அங்கே கீறல் இல்லாமல் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டாள். பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கத் தேவி விதித்த நிபந்தனை, பூனையிடம் மன்னிப்புக் கேட்பது. இன்றும் அந்த விரதத்தில் பூனை உருவம் செய்து வைத்து அதற்கும் படைக்கிறார்கள். மீனைத் தின்றது யார் என்று அப்போது யாரும் கேட்பதில்லை.